பி.ஏ. இசை: மூன்று வருடமும் பாட்டு மட்டும்தானா?

அம்மாபேட்டை அம்மா:
மகள் பிளஸ் டூ எழுதிவிட்டாள். எட்டாவதிலிருந்து பாட்டு கற்கிறாள், இப்போது வர்ணம் (கீர்த்தனைக்கு முன் கற்கும் பயிற்சிப் பாடல்) பாடுகிறாள். இசைதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவள் அப்பாவோ பி.காம். சேரட்டும், பாட்டை வீட்டில் பாடிக்கொள்ளட்டும் என்கிறார். இதில் அப்படி என்னதான் படிக்க வேண்டியிருக்கும்? சேலத்திலிருந்து எங்கே போவது?

சுருதிப்பெட்டி:
அக்கா, நான் படித்தவள் என்பதால் சொல்கிறேன், பாட்டு பாதிதான். மற்ற டிகிரி மாதிரியே தமிழும் இங்கிலீஷும் உண்டு. அப்புறம் தியரி: 72 மேளகர்த்தா (தாய் ராகங்கள்), ராக லட்சணம் (ராகத்தின் இலக்கணம்), 35 தாளம், தேவாரப் பண்கள், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை வரை போகும். கடபயாதி என்று ஒன்று, மேளகர்த்தா பெயரின் முதல் இரண்டு எழுத்துக்கும் உரிய எண்ணை வைத்தே அதன் வரிசை எண்ணைக் கண்டுபிடிப்பது. மேசகல்யாணியில் ம 5, ச 6, திருப்பிப் போட்டால் 65. சமஸ்கிருதத்தில் நாலு 'த', நமக்குத் தமிழில் ஒரே 'த' என்பதால், தீரசங்கராபரணத்தில் வருவது நாலாவது 'த', அதற்கு 9 என்று தனியாக உருப்போட்டால்தான், ர 2-ஐயும் சேர்த்துத் திருப்பிப் போட்டு 29 வரும் (எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இதைத் திட்டிக்கொண்டே படித்தோம்).

உண்மையான கஷ்டம் மனோதர்மம்தான். வர்ணம், கீர்த்தனை எல்லாம் சொல்லிக் கொடுத்ததைப் பாடுவது. ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம் அப்படியில்லை, அந்த நேரத்தில் நாமே கற்பனை செய்து பாடுவது. தாளம் தொடங்கி அரை இடம் தள்ளி எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) வைத்த கீர்த்தனைக்கு ஸ்வரம் பாடும்போது, கை தாளம் போட்டுக்கொண்டே இருக்க, சமத்தில் (தாளம் தொடங்கும் இடத்தில்) போய் விழாமல் சரியாக அந்த அரை இடத்தில் வந்து பல்லவியைப் பிடிக்க வேண்டும். பிராக்டிகலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது குரலை அல்ல, கையைத்தான். தினமும் விடிகாலை சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்யாதவர்களுக்கு இது வரவே வராது.

மலைப்பாதை:
இடையில் ஒரு சந்தேகம். என் தம்பி ஏற்காட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான், பியானோவில் டிரினிட்டி (லண்டன் டிரினிட்டி காலேஜின் மேற்கத்திய இசைத் தேர்வு) கிரேடு 5 முடித்திருக்கிறான். அவனும் சேரலாமா?

சுருதிப்பெட்டி:
அது வேற ரூட்டுங்க. இங்கே பாடத்திட்டம் கர்நாடக சங்கீதம். சேரும்போதே பாடிக் காட்டச் சொல்லும் கல்லூரிகள் உண்டு, கிரேடு சர்டிபிகேட் அங்கே உதவாது. முதலில் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற ஆரம்பப் பயிற்சியிலிருந்து தொடங்கட்டும்.

தவில்காரர் மகன்:
அக்கா, சேலத்திலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, மூன்று வருடம், ஆனால் அது சான்றிதழ் படிப்பு, டிகிரி இல்லை. அரசு இசைக் கல்லூரி என்றால் கோவைதான் நமக்குப் பக்கம், ரயிலில் மூன்று மணி நேரம்கூட ஆகாது. தள்ளிப் போக முடிந்தால் மதுரை, திருவையாறு, சென்னை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். டிகிரியா டிப்ளமோவா என்று விண்ணப்பத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், ஒரே வளாகத்தில் இரண்டும் நடக்கும்.

வேலையைப் பற்றி மாமாவிடம் நேராகவே சொல்லிவிடுங்கள், கச்சேரி வருமானத்தை நம்பி யாரும் சேரக்கூடாது. காலேஜில் பாடம் எடுக்க முதுகலையும், அதோடு நெட் அல்லது செட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகள்), இல்லையென்றால் பிஎச்.டி.யும் வேண்டும். ஆனால் இதுவும் பட்டம்தானே, குரூப் 2 எழுதலாம்.

அம்மாபேட்டை அம்மா:
குரூப் 2 என்றதும் அவர் பேப்பரைக் கீழே வைத்தார்! சரி, தம்புரா வாங்க வேண்டியிருக்குமா?

சுருதிப்பெட்டி:
இப்போதைக்கு வேண்டாம் அக்கா. போனில் சுருதி ஆப் போதும். தம்புராவுக்குச் சுருதி சேர்க்க அங்கேயே சொல்லித் தருவார்கள்.