மூன்று சில்லு மோட்டார் சைக்கிளின் அடிக்காப்புத் தட்டை எங்கே பொருத்துவது?

வடக்குப்பயணி:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாகச் சில்லுகள் கொண்ட கான்-ஆம் ரைக்கர் 600. கோடை காலத்தில் ஒன்ராறியோவின் ஹாலிபர்டன் பகுதிக் கிரவல் வீதிகளில் அடிக்கடி ஓடுகிறேன். வாகனங்கள் ஓடி ஓடி இரண்டு தடங்களிலும் இருந்த கற்கள் ஒதுங்கி, நடுவில் ஒரு வரப்பாகச் சேர்ந்துவிடுகின்றன. கார் அந்த வரப்பை நடுவே விட்டுக் கடந்துவிடும். இரண்டு சில்லு வண்டி ஒரே தடத்தில் போய்விடும். என் வண்டிக்கோ முன் சில்லுகள் தடங்களில் ஓட, எஞ்சினின் அடிப்பகுதியும் பின் சில்லும் வரப்பின் மேலேயே போகின்றன. சென்ற மாதம் ஒரு கல் அடித்ததில் எஞ்சினின் அடியில் ஆழமான கீறல் விழுந்துவிட்டது. ரைக்கரின் ராலி என்ற வகைக்குத் தொழிற்சாலையிலேயே எஞ்சினின் அடியைக் காக்கும் தட்டு வருகிறது. என்னுடையது சாதாரண வகை. எனக்குத் தெரிந்த வெல்டிங் வேலைக்காரர் ஒருவர், 3 மி.மீ. உருக்குத் தகட்டை எஞ்சினின் அடிப் போல்ட்களிலேயே இறுக்கித் தரலாம் என்கிறார். அப்படிச் செய்யலாமா?

உலோகவேலை:
தயவுசெய்து எஞ்சினில் பொருத்த வேண்டாம். தட்டில் விழும் அடி போல்ட் வழியாக வார்ப்பு அலுமினிய உறைக்குள் நேரே இறங்கும். தட்டு இல்லாதிருந்தால் கீறலோடு போயிருக்கக்கூடிய அடி, அப்போது போல்ட் துளையைச் சுற்றி வெடிப்பாக மாறலாம். தட்டின் வேலை அந்த அடியை எஞ்சினைத் தாண்டி வண்டியின் சட்டத்துக்கு (பிரேம்) கொண்டு சேர்ப்பது. ஆகவே சட்டத்தில் ஏற்கெனவே உள்ள துளைகளிலோ கவ்விகளிலோ பொருத்துங்கள். சட்டத்தில் புதிதாகத் துளையிட வேண்டாம். தட்டு அடிபட்டு வளையும்போது எஞ்சினைத் தொடாதிருக்க, இரண்டுக்கும் நடுவில் 10 மி.மீ. அளவாவது இடைவெளி வேண்டும்.

உருக்கைவிட 5 மி.மீ. அலுமினியத்தையே நான் விரும்புவேன். 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள தட்டு 3 மி.மீ. உருக்கில் ஏறத்தாழ 5.7 கிலோ வரும், 5 மி.மீ. அலுமினியத்தில் 3.2 கிலோதான். வளைக்க வேண்டியிருப்பதால் 5052 என்ற அலுமினியக் கலவை வகையைக் கேளுங்கள். 6061-டி6 என்ற வகை வலிமையானதுதான், ஆனால் இறுக்கமாக வளைத்தால் வெடித்துவிடும். முன் விளிம்பை மேல்நோக்கிச் சாய்க்காமல் விட்டால், தட்டு கல்லின் மேல் வழுக்காது. மண்வெட்டியைப் போல அதில் குத்தி நிற்கும். போல்ட் தலைகளையும் தட்டோடு சமமாகப் பதிக்க வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் தலை ஒரு சில பயணங்களிலேயே தேய்ந்து, பிறகு கழற்ற முடியாமல் போய்விடும்.

வடக்குப்பயணி:
மிக்க நன்றி, அண்ணா. தடிப்பும் இடைவெளியுமாக வண்டியின் அடிக்கும் தரைக்கும் உள்ள உயரம் 15 மி.மீ. குறைகிறதே, அது பாதகமில்லையா? பாரம் குறைவு என்பதால் தடித்த பொலிஎதிலீன் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தலாமா?

உலோகவேலை:
உயரம் குறைவது உண்மைதான். தட்டு போட்டபின் முன்னைவிட அடிக்கடி உரசும், ஆனால் உரசுவது தட்டாக இருக்கும். கல்லில் வழுக்கிப் போவதற்குப் பிளாஸ்டிக் மிக நல்லது. என்றாலும் அந்த வகை 130 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகத் தொடங்கும் என்பதால், புகைக்குழாய்க்கு அருகில் அதை வைக்கக் கூடாது.

ஏரிக்கரையான்:
சூட்டைப் பற்றி நானும் சொல்ல வேண்டியிருக்கிறது. முழுவதும் மூடிய தட்டின் மேல் காய்ந்த இலையும் புல்லும் சேர்கின்றன. அவை புகைக்குழாயைத் தொட்டால் தீப்பிடிக்கும். என் பழைய வண்டியில் கருகிய இலைகளை நானே கை நிறைய அள்ளியிருக்கிறேன், அன்றைய பயம் இன்னும் போகவில்லை. பின்பக்கம் திறந்திருக்கட்டும், நீர் பாய்ச்சிக் கழுவ ஓட்டைகளும், எண்ணெய் வடிக்கும் திருகுக்கு நேரே கை நுழையும் அளவில் ஒரு திறப்பும் விடுங்கள். ரைக்கரின் கியர்ப்பெட்டி பெல்ட்டில் இயங்குவது. அதற்குக் குளிர்காற்று போகும் வழியைத் தட்டு மறைக்கக் கூடாது.

இன்னொன்று: இங்கே தூசி அடங்குவதற்காகக் கிரவல் வீதிகளில் கல்சியம் குளோரைட் தெளிக்கிறார்கள். அந்த ஈரம் பட்டால், துருப்பிடிக்காத உருக்குப் போல்ட்டும் அலுமினியத் தட்டும் தொடும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கத் தொடங்கும். நடுவில் நைலோன் வாசர் போடுங்கள். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அடியைக் கழுவுங்கள்.

வடக்குப்பயணி:
வெல்டிங் வேலைக்காரரிடம் எஞ்சின் போல்ட் யோசனையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தச் சனிக்கிழமை வண்டியை உயர்த்தி, முதலில் கடின அட்டையில் மாதிரி வெட்டிப் பார்க்கப் போகிறேன்.

உலோகவேலை:
மாதிரியை வைத்தபடி முன் சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும்போது எதுவும் தட்டில் முட்டவில்லை என்பதையும் பாருங்கள். தட்டைப் பொருத்தி முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்களையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.