புதுப்பிப்பு: வேலை அனுமதி அட்டை முடியும் இரண்டு ஊழியர்கள்

முன்பு இங்கே கேட்டிருந்தேன்: அமெரிக்காவில் எங்கள் சிறு நிறுவனத்தில் இரண்டு பேருக்கு வேலை அனுமதி அட்டை (இஏடி) காலாவதியாகிறது, இருவரும் க்ரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்கள், புதுப்பிக்க விண்ணப்பித்தாயிற்று, தொடர்ந்து வேலையில் வைத்துக்கொள்ளலாமா என்று. விண்ணப்பித்திருந்தால் பழைய அட்டை 540 நாள் வரை தானாக நீளும், கவலை வேண்டாம் என்று பலர் சொன்னீர்கள். அது பாதிதான் சரி.

2025 அக்டோபர் 30 முதல் கொடுத்த புதுப்பித்தல் விண்ணப்பங்களுக்கு, சில விலக்குகள் தவிர, அந்த நீட்டிப்பு கிடையாது. இருவரின் விண்ணப்ப ரசீதுகளையும் மேசைமேல் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் அக்டோபர் 27, இன்னொன்றில் நவம்பர் 3. ஒரே வாரம்தான் வித்தியாசம். முதலாமவருக்குப் பழைய அட்டையும் ரசீதும் சேர்ந்தால் போதும். ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்த்து நிறுவனம் வைத்திருக்கும் ஐ-9 படிவத்தில் நீட்டித்த தேதியைக் குறித்துவிட்டேன். இரண்டாமவரை அட்டை முடிந்த நாளோடு சம்பளமில்லா விடுப்பில் அனுப்ப வேண்டியதாயிற்று. அனுமதி இல்லையென்று தெரிந்தே வேலை வாங்கினால் அபராதம் நிறுவனத்துக்கு. ஆறு வருடமாக எங்களோடு இருப்பவர். அவரிடம் இதைச் சொல்லும்போது எனக்குக் குரலே எழும்பவில்லை.

காலாவதிக்கு 180 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். அடுத்த வருடம் அட்டை முடிகிற எல்லோருக்கும் இப்போதே தேதி குறித்துக் கொடுத்துவிட்டேன். அப்புறம், எச்1பி வேலை விசா பற்றிக் கேட்டவருக்கு: அதே நிறுவனம் உரிய நேரத்தில் நீட்டிப்பு கேட்டிருந்தால் 240 நாள் வேலை செய்யலாம் என்ற விதியை இந்த மாற்றம் தொடவில்லை.

விடுப்பில் போனவருடைய இடத்தை நிரப்பவில்லை. புது அட்டை வந்த அன்றே திரும்பலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.