பிடித்த கொடுவா மீனைத் திரும்ப ஆற்றில் விட்டால் யாருக்கு என்ன லாபம்?

கேள்வி: எண்ணூர்_முத்து

வணக்கம். என் மச்சானுக்கு எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் ஃபைபர் படகு இருக்கிறது. வலைதான் பிழைப்பு. போன மாதம் அண்ணா நகரிலிருந்து ரெண்டு பேர் ராடு, ரீல், பெட்டி நிறைய பிளாஸ்டிக் மீன் என்று வந்து இறங்கினார்கள். அரை நாளுக்குப் படகு வாடகை நாலாயிரம், டீசல் அவர்கள் செலவு. முகத்துவாரம் பக்கத்தில் அருமையான கொடுவா ஒன்று மாட்டியது. ஆறு கிலோவுக்குக் குறையாது என்கிறான் மச்சான். போட்டோ எடுத்தார்கள், தண்ணீரில் விட்டுவிட்டார்கள்!

'மூவாயிரம் ரூபாயைக் கையால தள்ளி விட்டுட்டானுங்கடா' என்று இன்னும் புலம்புகிறான். அவர்களோ, வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான், விட்டால் மீன் பெருகும், உங்களுக்கும் வருமானம் வரும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த மாதமும் வருகிறார்களாம்.

இதில் உண்மையிலேயே காசு இருக்கிறதா? எங்கள் ஆற்றில் மீன் முன்ன மாதிரி இல்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பல் கழிவு, சுடுதண்ணீர், போதாததற்கு 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் வந்த எண்ணெய். இந்த நிலைமையில் நாலு மீனை விட்டு என்ன ஆகப்போகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: காசிமேடு_கௌரி

தம்பி, நான் ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவள். நீங்கள் விட்ட மீன் நாளைக்கு இன்னொருவர் வலையில் ஏறி என்னிடம்தான் வரும். அதற்கு உங்கள் மச்சானே பிடித்துக் கொடுத்திருக்கலாம். விடுவது என்றால் ஊரே விட வேண்டும். ஒருவர் விட்டு ஒருவர் பிடித்தால், விட்டவர்தான் ஏமாளி.

பதில்: டார்வின்_ரிட்டர்ன் (திருவொற்றியூர்)

கௌரி அக்கா பாயிண்டைப் பிடித்துவிட்டார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் ஆஸ்திரேலியாவில் டார்வினில் ஒரு ஹோட்டல் சமையலறையில் சில வருஷம் வேலை பார்த்தவன். அங்கே பாராமுண்டி என்று கொண்டாடுகிறார்களே, அது நம் கொடுவாவேதான். மெனுவில் அந்தப் பெயரையும் விலையையும் பார்த்துவிட்டு, எண்ணூர் ஆற்றில் கிடைக்கிற மீனுக்கா இவ்வளவு என்று முதல் வாரம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மீனைத் தூண்டிலில் பிடிப்பதற்கென்றே ஊர் ஊராக விமானம் ஏறி வருகிறார்கள். 2015 முதல் அங்கே ஒரு போட்டி நடக்கிறது: ஆறுகளில் அடையாளப் பட்டை கட்டிய கொடுவாக்களை விடுவார்கள், சிக்கினால் பத்தாயிரம் டாலர். பத்து லட்சம் டாலர் பரிசு மீனும் உண்டு. 2024 கடைசியில்தான் முதல்முறையாக ஒரு பையன் அதைப் பிடித்தான். எல்லாம் ஆள் வரவழைக்கிற வேலைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆற்றில் கொடுவா இருந்தால்தான் இந்த ஆட்டமே. மீன் அங்கே தண்ணீரில் இருக்கும்போதே சம்பாதிக்கிறது.

இப்போது உங்கள் மச்சான் கணக்கு. மூவாயிரம் போச்சு என்கிறார். அன்றைக்கு அவர் வலையோடு போயிருந்தால் அதே மீன் சிக்கியிருக்கும் என்று என்ன உத்தரவாதம்? சிக்கியிருந்தால் மூவாயிரம், அதோடு சரி. இங்கே நாலாயிரம் வந்தது, மீனும் ஆற்றிலேயே இருக்கிறது. அது பிழைத்து, இன்னும் இரண்டு பேர் தூண்டிலில் ஏறி இறங்கினால் அந்த ஒரே மீன் மூன்று வாடகை கொண்டுவரும்.

ஆனால் இதை ஊதிப் பெரிதாக்கவும் கூடாது. தூண்டில்காரர்கள் இத்தனை கோடி செலவு செய்கிறார்கள், அதனால் மீனின் மதிப்பு இத்தனை கோடி என்று சிலர் எழுதுவார்கள். அது கணக்கே இல்லை. அந்த அண்ணா நகர் ஆட்கள் இங்கே வராவிட்டால் அதே நாலாயிரத்தை வேறு எங்காவது செலவழித்திருப்பார்கள். சென்னைக்கு அதில் புது வரவு எதுவும் இல்லை, நெட்டுக்குப்பத்துக்கு உண்டு. ஆகவே எவ்வளவு என்பதைவிட யார் கைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. ஆஸ்திரேலியாவின் இன்னொரு மாநிலமான குவின்ஸ்லாந்தில் 2015 நவம்பரில் கெய்ன்ஸ், மெக்காய், ராக்ஹாம்ப்டன் மூன்று இடங்களில் வணிக வலையைத் தடை செய்து தூண்டில்காரர்களுக்கு ஒதுக்கினார்கள். வலைக்காரர்களுக்கு அரசு பணம் கொடுத்து உரிமத்தை வாங்கிக்கொண்டது. நம் ஊரில் அப்படி யாரும் செக்கோடு வந்து நிற்கப் போவதில்லை. வலையை எடு என்று மட்டும் சொல்லிவிட்டு, காசு தனியார் ரிசார்ட்டுக்குப் போனால், நானே முதல் ஆளாக எதிர்ப்பேன்.

கொடுவா விஷயத்தில் இன்னொன்று. அது பிறக்கும்போது பெண் கிடையாது. முதலில் ஆணாக வளர்ந்து, ஆறேழு வயதுக்கு மேல், 80, 100 சென்டிமீட்டர் வாக்கில் பெண்ணாக மாறும். பெரிய பெண் மீன் இடுகிற முட்டைக்கு லட்சம் போதாது, கோடியில்தான் எண்ண வேண்டும். அதாவது ஏலத்தில் எல்லோரும் அடித்துக்கொள்கிற அந்தப் பெரிய சைஸ்தான் ஆற்றின் மூலதனம். அதனால்தான் குவின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் கீழேயும் தொடக்கூடாது, 120க்கு மேலேயும் தொடக்கூடாது. உங்கள் ஆறு கிலோ மீன் மாறுகிற வயதை நெருங்கிக்கொண்டிருந்திருக்கும். அதை விட்டது வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

பதில்: பாஸ்டன்_ராயபுரம்

டார்வின் அண்ணன் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. விட்ட மீன் எல்லாம் பிழைக்காது.

நான் இருக்கிற அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஸ்ட்ரைப்ட் பாஸ் என்று ஒரு மீன், கோடுபோட்ட பெரிய மீன். 1980 வாக்கில் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. 1984ல் அதற்கென்றே சட்டம் வந்தது. மேரிலாந்தில் 1985 முதல் 1990 வரை அதைப் பிடிக்கவே தடை. 1995ல் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். அதன் பிறகு கூட்டம் கூட்டமாகத் தூண்டில்காரர்கள் வந்தார்கள், பத்தில் ஒன்பதை விட்டும் விடுகிறார்கள். நல்ல விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் விட்டதில் நூற்றுக்கு ஒன்பது செத்துவிடும் என்பது அங்கே அதிகாரிகள் வைத்திருக்கிற கணக்கு. நூறு மீன் பிடித்தால் வீட்டுக்குப் போவது பத்து, விட்ட தொண்ணூறில் சாவது எட்டு. கிட்டத்தட்டச் சமம்! 2019ல் வந்த மதிப்பீட்டில் அந்த மீன் மறுபடியும் அளவுக்கு மீறிக் குறைந்திருப்பது தெரிந்தது. இரை வைத்துப் பிடிப்பவர்கள் வட்டத் தூண்டில் முள்தான் போட வேண்டும் என்று 2021லிருந்து விதி. அந்த முள் வாயோரத்தில் மாட்டும், குடலுக்குப் போகாது.

நம் ஊர் மே மாத வெயிலில், சூடான தண்ணீரில், மீனை ரெண்டு நிமிஷம் படகில் கிடத்திப் போட்டோ எடுத்தால் ஒன்பதோடு நிற்குமா என்பது சந்தேகம்தான்.

பதில்: எண்ணூர்_முத்து

அப்போ விடுவதும் வீண், பிடிப்பதும் வீண் என்கிறீர்களா? குழப்பிவிட்டீர்களே.

பதில்: டார்வின்_ரிட்டர்ன் (திருவொற்றியூர்)

குழப்பம் வேண்டாம் தம்பி. காவிரியைச் சொல்கிறேன், நம் பக்கத்துக் கதை. கர்நாடகத்தில் பீமேஸ்வரி, கலிபோரே பகுதியில் தூண்டில் முகாம்கள் இருந்தன. மகசீர் மீனைப் பிடித்து விடுவார்கள். முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களையே வழிகாட்டியாகவும் காவலாகவும் சம்பளத்துக்கு வைத்தார்கள். மீன் உயிரோடு இருந்தால்தான் அவர்களுக்குச் சம்பளம். ஆற்றில் வெடி போடுகிறவனை விரட்ட இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? பிறகு வனவிலங்குச் சட்டப்படி தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று முகாம்களை நிறுத்திவிட்டார்கள்.

அங்கே பிடித்ததையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். 1998 முதல் 2012 வரையான அந்தக் குறிப்புகளை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் வெளிவந்தது. மொத்தத்தில் மகசீர் கூடிக்கொண்டே வந்திருக்கிறது, ஆனால் காவிரியின் சொந்த மீனான திமில் மகசீர் மட்டும் சரிந்துகொண்டே போயிருக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத் துடுப்பு மகசீர் அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. 2018ல் திமில் மகசீர் அழிவின் விளிம்பில் இருப்பதாக உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் ஏறியது. அந்தக் கணக்கெடுப்பை அரசு செய்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும்? தூண்டில்காரர்கள் தங்கள் காசில் செய்துவிட்டார்கள்.

ஆனால் தூண்டில்காரர்கள் விட்டதால் மட்டும் அந்த மீன் மீளவில்லை, பார்த்தீர்களா? எண்ணூரிலும் அதேதான். கொசஸ்தலை ஆற்றில் சாம்பலும் எண்ணெயும் நிற்காமல், முகத்துவாரம் தூர்ந்து கிடந்தால், அண்ணா நகரே வந்து மீனை விட்டாலும் பெருகாது. தூண்டில்காரர்களைக் குறை சொல்லியும் பயனில்லை, அவர்களை நம்பியும் பயனில்லை.

கௌரி அக்கா சொன்னதற்கு வருகிறேன். பழவேற்காட்டில் பாடு முறை இருக்கிறதே, எந்த ஊர் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. இதையும் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். மச்சான் தனியாகச் செய்தால் அக்கா சொன்ன ஏமாளிதான். ஊர்க் கூட்டத்தில் வைத்து, தூண்டில் ஆட்களை ஏற்றுவது முறைப்படி எல்லாப் படகுக்கும் போகும், வாடகையில் ஒரு பங்கு ஊருக்கு, 80 சென்டிமீட்டருக்கு மேலே உள்ள கொடுவாவை யார் பிடித்தாலும் விட வேண்டும் என்று பேசட்டும். வலையில் உயிரோடு வந்தால் அதற்கும் இதே பேச்சு, விட்டவருக்கு ஊர்ப் பங்கிலிருந்து ஈடு. ஒரு வருஷம் பார்க்கலாம்.

பதில்: காசிமேடு_கௌரி

ஈடு கொடுத்தால் பேசலாம். பெரிய மீன் வராவிட்டால் என் கூடைக்கு அடி விழும், அதையும் அந்தக் கூட்டத்தில் சொல்லுங்கள். ஆம்பிளைங்க மட்டும் உட்கார்ந்து முடிவு பண்ண வேண்டாம்.

பதில்: எண்ணூர்_முத்து

சரிங்கக்கா, சொல்கிறேன். மச்சான் முதலில் முறைத்தான், 'ஊர்ப் பங்கு' என்றதும் கொஞ்சம் காது கொடுத்தான். அந்த வட்ட முள் இங்கே கிடைக்குமா?

பதில்: டார்வின்_ரிட்டர்ன் (திருவொற்றியூர்)

தூண்டில் சாமான் விற்கிற கடையில் கேளுங்கள், வருகிறவர்களையே கொண்டுவரச் சொன்னால் இன்னும் நல்லது. பிளாஸ்டிக் மீன் என்றால் கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடச் சொல்லுங்கள், கழற்றுவது சுலபம். மீனை ஈரக் கையால் பிடிக்க வேண்டும், தாடையில் தொங்கவிடக் கூடாது. கோடை மத்தியானம் வேண்டாம், விடியற்காலைதான். அப்புறம் முக்கியமாக, மீன்பிடிப் படகாகப் பதிவான ஃபைபரில் ஆட்களை ஏற்றுவது வேறு சமாச்சாரம். மீன்வளத்துறை அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டு, லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஒருத்தரையும் ஏற்ற வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லுங்கள்.