கார் கம்பெனி மூடினால் ஊருக்கு என்ன ஆகும்? மறைமலை நகர்க்காரர்களே, பார்த்ததைச் சொல்லுங்கள்

மேல்மாடி போர்ஷன்:

2021 செப்டம்பர் 9, வியாழக்கிழமை சாயங்காலம். மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி. சென்னைக்குத் தெற்கே எங்கள் மறைமலை நகர் கடைத்தெருவில் களிமண் பிள்ளையாருக்குக் காகிதக் குடை பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் போனைப் பார்த்தபடியே “ஃபோர்டு மூடப்போறானாம்” என்றார். அருகம்புல் கட்டிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு “எப்பலேர்ந்து?” என்று கேட்டார்.

பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். குஜராத் சனந்தில் அந்த வருடக் கடைசிக்குள் கார் உற்பத்தி நிற்கும், இங்கே 2022 நடுவில் நிற்கும் என்று செய்தி வந்தது. சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்றார்கள். எனக்கு அந்த 4,000 உறுத்திக்கொண்டே இருந்தது. அதில் நான் இல்லை, அருகம்புல் அம்மா இல்லை. என் மாடியில் குடியிருந்த ஐந்து பையன்களில் மூன்று பேரும் இல்லை, அவர்கள் வேலை பார்த்தது காருக்கு உதிரிபாகம் சப்ளை செய்கிற வெண்டார் கம்பெனியில்.

அந்த மாடியை அப்பா 2007ல் கட்டினார். பி.எஃப். பணம், அதோடு பாங்கு லோன். போர்ஷன் மூன்று, குளியலறை நான்கு. ஏ ஷிப்டுக்கு, அதாவது காலை ஷிப்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் ஒருவரும் வாளியோடு காத்திருக்கக் கூடாது என்று கொத்தனாரிடம் சொல்லிக் கட்டிய வீடு அது. சமையல் மேடை ஒரு போர்ஷனில்கூட இல்லை. பையன்கள்தானே, மெஸ்ஸில் சாப்பிடுவார்கள்.

2022 ஜூலையில் கடைசி கார் வெளியே வந்தது. ஆயுத பூஜைக்குள் மாடி காலி. டு-லெட் போர்டு பார்த்து வந்ததெல்லாம் குடும்பங்கள். வந்த அம்மாக்கள் எல்லாரும் ஒரே மாதிரி கேட்டார்கள்: “எதுக்குங்க நாலு பாத்ரூம்? அடுப்பு எங்க வைக்கிறது?” கடைசியில் ஒரு குளியலறையை இடித்து, இரண்டு போர்ஷனுக்குக் கடப்பா கல் மேடை போட்டேன். நடு போர்ஷனுக்குக் கையில் காசு இல்லை, அப்படியே விட்டுவிட்டேன். நான் சொல்ல வந்தது இதுதான்: எங்கள் வீட்டின் வரைபடமே ஒரு கம்பெனியின் ஷிப்ட் நேரத்தை வைத்துப் போட்டது. உங்களுக்கு எப்படி?

பாய்லர்:

கம்பெனி ரோட்டு முனையில் எனக்கு டீக்கடை. நாலரைக்குப் பாய்லர் பற்றவைப்பேன். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் உள்ளே போகிற கூட்டமும் வெளியே வருகிற கூட்டமும் ஒன்றாகச் சேரும். அந்த முக்கால் மணி நேரத்தில் மாஸ்டர் டம்ளரைக் கீழே வைக்க மாட்டார். ஒரு நாளைக்கு அப்படி மூன்று தடவை. நடுவில் கடை சும்மா இருக்கும், அப்போதுதான் சாப்பிடுவோம், தூங்குவோம்.

மூடிய பிறகு கூட்டமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. ஆனால் உதிரி உதிரியாக வந்தது. ஒரு நேரம் பத்துப் பேர், ஒரு நேரம் எட்டுப் பேர் என்று நாள் முழுக்க. பாலைக் கொதிக்க வைத்தபடியே இருக்க வேண்டும், கேஸ் செலவு அதேதான், வியாபாரம் பாதி. ராத்திரி வேலை பார்த்த மாஸ்டர் பெரம்பலூர் பக்கம் ஊருக்குப் போய்விட்டார்.

கடன் நோட்டு மூன்று இருந்தது. சம்பளத் தேதியில் தீர்க்கிற கணக்கு. போனவர்களில் பாதிப் பேர் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். மீதியை நான் எழுதி வைத்ததோடு சரி. எட்டு மாதம் கழித்து ஒரு நாள் கடை போனுக்கு 640 ரூபாய் வந்து விழுந்தது. கூடவே “அண்ணா பழைய பாக்கி, மெட்டல் பினிஷ் குமார்னு சொன்னா தெரியும்” என்று ஒரு வரி. எனக்குத் தெரிந்து நாலு குமார். எந்தக் குமார் என்று இன்னும் பிடிபடவில்லை.

சிட்கோ லேத்:

டீக்கடை அண்ணனுக்குத் தெரிந்த மாதிரிகூட எனக்கு முதலில் தெரியவில்லை. நான் கார் கம்பெனிக்கு நேராகச் சப்ளை செய்கிறவன் இல்லை. சிட்கோ சிறுதொழில் பேட்டையில் எனக்கு இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு பழைய பிரஸ். நான் கொடுப்பது ஒரு வெண்டாருக்கு, அவர் கொடுப்பது இன்னொரு வெண்டாருக்கு, அங்கிருந்துதான் காருக்குப் போகும். செய்தி வந்த அன்று “நமக்கு இதுல என்ன, நம்ம பார்ட்டி வேற ஆர்டர் வச்சிருக்கார்” என்று பையன்களிடம் சொன்னேன். முட்டாள்தனம்.

எங்களுக்கு ஷெட்யூல் என்று ஒன்று வரும். அடுத்த மூன்று மாதத்துக்கு எந்த பார்ட் எத்தனை வேண்டும் என்ற பட்டியல். முதல் மாதம் உறுதி, மற்ற இரண்டும் உத்தேசம். அந்த உத்தேசத்தை நம்பித்தான் கம்பி வாங்குவோம், ஆள் வைப்போம். சிப் தட்டுப்பாடு வந்ததிலிருந்தே எண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. 2022 தொடக்கத்தில் மூன்றாவது மாதத்துக் கட்டம் வெறுமையாக வந்தது. பூஜ்யம்கூடப் போடவில்லை. தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று போன் செய்தேன். எதிர்முனையில் பர்சேஸ் தம்பி கொஞ்சம் நேரம் பேசவே இல்லை.

அப்புறம் இந்த டூலிங் விவகாரம். ஒரு மாடலுக்குச் செய்த பிக்சரும் (பார்ட்டைப் பிடித்து வைப்பது) கேஜும் (அளவு பார்ப்பது) அடுத்த மாடலுக்கு உதவாது. சொந்தக் காசில் செய்தவற்றை எடைக்குப் போட்டேன். மஞ்சள் பெயிண்ட் அடித்து, பார்ட் நம்பர் குத்தி, மைக்ரான் கணக்கில் சரி பார்த்து வைத்த சாமான். எடைக்கடைக்காரர் அதைத் தராசில் தூக்கிப் போட்ட சத்தத்தில் என் மகன் திரும்பிக்கொண்டான். பிரஸ்ஸில் வைத்துத் தகட்டை அழுத்தி வடிவம் எடுக்கிற டை மட்டும் எனக்குச் சொந்தமில்லை, கொடுத்தவர்களுடையது. விற்கவும் கூடாது, எடுத்துக்கொண்டு போகவும் ஆள் வரவில்லை. பதினொரு மாதம் ஷெட்டில் கால் பங்கு இடத்தை அடைத்துக்கொண்டு கிரீஸ் பூசி உட்கார்ந்திருந்தது. வாடகை நான் கட்டினேன்.

ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு ஸ்பேர் வேண்டுமே, அதனால் சின்னச் சின்ன ஆர்டர் நடுநடுவே வந்தது. ஐம்பது, எண்பது பீஸ். செட்டிங் போடுகிற நேரத்துக்குக்கூடக் கட்டுப்படி ஆகாது. ஆனாலும் செய்தோம். பிறகு பம்ப் பார்ட்ஸ், கொஞ்சம் மருத்துவக் கட்டில் சாமான் என்று மாறினேன். ஆறு பேர் இருந்த இடத்தில் இப்போது மூன்று பேர்.

மெஸ் அக்கா:

மேல்மாடி தம்பி, உங்கள் பையன்கள் என் மெஸ்ஸில்தான் சாப்பிட்டிருப்பார்கள். மாத டோக்கன். கம்பெனி கேண்டீனில் சாப்பாடு உண்டு, ஆனால் லீவு நாளிலும் ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த பிறகும் இங்கேதான் வருவார்கள். மதியம் இரண்டு மணிக்கு இட்லி கேட்கிற ஊர் இது ஒன்றுதான்.

இரண்டு பெண்கள் காய் நறுக்க, பாத்திரம் கழுவ வந்தார்கள். ஒருத்தியை நிறுத்தினேன். இரண்டு பேரில் யாரை நிறுத்துவது என்று ஒரு வாரம் யோசித்தேன், அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

ட்ரிம் லைன்:

நான் உள்ளே வேலை பார்த்தவன். பர்மனெண்ட். ஐடிஐ முடித்து இருபத்தொரு வயதில் சேர்ந்தேன், வெளியே வரும்போது முப்பத்தொன்பது. இகான் காரில் தொடங்கி இகோஸ்போர்ட் கார் வரை பார்த்தாயிற்று. 2022 மே கடைசியில் செட்டில்மெண்டுப் பணத்துக்காக வேலையை நிறுத்திப் போராடியதில் நானும் உட்கார்ந்தேன். பேச்சுவார்த்தை எப்படிப் போனது என்று பேப்பரில் வந்துவிட்டது. அதை இங்கே கிளற விரும்பவில்லை.

பணம் கைக்கு வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அதுவரை பார்த்தே இராத சொந்தக்காரர்கள் வந்தார்கள். படாளம், மதுராந்தகம் பக்கம் மனை காட்டுகிற புரோக்கர்கள் கார் வைத்து அழைத்துப் போனார்கள், மதியச் சாப்பாடும் அவர்கள் செலவு. என் பேட்ச் ஆட்களில் நிறையப் பேர் டாக்ஸிக்கு வண்டி எடுத்தார்கள். ஒரே நேரத்தில் ஒரே ஊரில் அத்தனை பேர் டாக்ஸி ஓட்டினால் சவாரிக்கு எங்கே போவது? ஒருவன் வட்டிக்கு விட்டான், முதலும் வரவில்லை. நான் வீட்டு லோனை அடைத்தேன். “ஆள் பொழைக்கத் தெரியாதவன்” என்றார்கள். இன்று என்னிடம்தான் கைமாற்றுக் கேட்கிறார்கள்.

வேலை? ஒரகடம் பக்கம் எல்லா கம்பெனி கேட்டுக்கும் போனேன். எனக்குத் தெரிந்த வேலையை அங்கே இருபத்திரண்டு வயது டிரெய்னி பாதிச் சம்பளத்துக்கும் கீழே செய்கிறான். “சார், உங்க அனுபவத்துக்கு நாங்க குடுக்க முடியாது” என்று மரியாதையாகச் சொன்னார்கள். மரியாதைதான், குறை சொல்ல முடியாது. இப்போது ஒரு குடோனில் சூப்பர்வைசர்.

இன்னொன்றும் உண்டு. என் தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளை பக்கத்து லைன் பையன். “கார் கம்பெனி, பர்மனெண்ட்” என்று சொன்னால் பெண் வீட்டில் அதற்கு மேல் கேள்வி இருக்காது. 2021 ஆவணியில் நிச்சயம் பேசி, கல்யாணத்தைத் தைக்குத் தள்ளி வைத்திருந்தோம். செய்தி வந்த மறு வாரம் எங்கள் பெரியப்பா “இப்ப அவன் என்ன வேலைன்னு சொல்றது?” என்று இழுத்தார். அதே கம்பெனியில் வேலை பார்க்கிற அண்ணன் நான், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் நடந்தது. தங்கை பிடிவாதக்காரி.

சிங்கப்பெருமாள் கோயில்காரன்:

எல்லாரும் சொல்வது உண்மை. ஆனால் ஊரே செத்துப்போனது போல வெளியூர் ஆட்கள் எழுதும்போது கோபம் வருகிறது. அமெரிக்காவில் கார் ஆலைகள் மூடி நொடித்துப்போன ஃபிளிண்ட், டெட்ராய்ட் ஊர்களின் கதையை அப்படியே எடுத்து இங்கே ஒட்டுகிறார்கள். மறைமலை நகர் ஒரே கம்பெனியை நம்பிய ஊர் இல்லை. தெற்கே பரனூரில் மகிந்திரா சிட்டி, வடக்கே பொத்தேரியில் காலேஜ், மேற்கே ஒரகடம். ஷிப்ட் பையன்கள் போன இடத்தில் காலேஜ் பையன்கள் வந்தார்கள். மனை விலை இறங்கவே இல்லை, வாங்க முடியாமல் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

கொரோனாவில் போனதையும் கம்பெனியால் போனதையும் ஒரே கணக்கில் எழுதவும் கூடாது. 2020லேயே மூடிய கடைகளை எனக்குத் தெரியும்.

உறுத்துவது வேறு. அதே கம்பெனியின் அலுவலக வேலைகள் சோழிங்கநல்லூர்ப் பக்கம் நன்றாகவே நடந்தன. 2024ல் கம்பெனியே சொன்ன கணக்கு, தமிழ்நாட்டில் அந்தப் பிரிவில் 12,000 பேர். ஆக அந்தப் பெயர் சென்னையை விட்டுப் போகவே இல்லை. நம் ஜிஎஸ்டி ரோட்டை விட்டுவிட்டு, சோழிங்கநல்லூர் இருக்கிற ஓஎம்ஆர் ரோட்டில் மட்டும் இருந்தது. ஓஎம்ஆரில் சம்பளம் வாங்குகிறவர் நம் மெஸ் அக்காவிடம் டோக்கன் வாங்க வர மாட்டார்.

பெருங்களத்தூர் பெரியவர்:

பிள்ளைகளா, இதே ரோட்டில் இதற்கு முன்னாலும் ஒரு கார் கம்பெனி மூடியிருக்கிறது. ஸ்டாண்டர்ட். ஹெரால்டு கார் செய்தவர்கள். 1985ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று பெரிய கார் விட்டார்கள், எடுபடவில்லை. எண்பதுகளின் கடைசியில் கதவு மூடியது. என் மைத்துனர் அங்கே பெயிண்ட் ஷாப்பில் இருந்தார். மூடிய பிறகும் பல மாதம் காலையில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு வருவார். அந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள், ஐடி. அவர் பேரன் அங்கேதான் வேலை பார்க்கிறான். தாத்தா ஒரு காலத்தில் அதே மண்ணில் கதவுக்குப் பெயிண்ட் அடித்தார் என்று சொன்னால் “அப்படியா” என்கிறான், அவ்வளவுதான்.

ஸ்ரீபெரும்புதூர் பொண்ணு:

கார் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். இங்கே இருந்த நோக்கியா போன் ஆலை 2014 நவம்பர் 1ல் நின்றது. எங்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஆண்களுக்கு ஊரிலேயே வேறு கேட் தேட நேரம் கிடைத்தது. எங்களுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது: “வா, மாப்பிள்ளை பாத்தாச்சு.” அதே வளாகத்தில் பிறகு போன் சார்ஜர் செய்கிற சால்காம்ப் கம்பெனி வந்தது, மறுபடி பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். ஆனால் அவர்கள் நாங்கள் இல்லை. எனக்கு அப்போது இரண்டு குழந்தைகள்.

பாய்லர்:

ஃபோர்டுக்காரர்கள் என்ஜின் செய்ய மறுபடி வருகிறார்களே, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லையே?

ட்ரிம் லைன்:

வருகிறார்கள் அண்ணா. 2025 அக்டோபர் 31ல் அரசோடு ஒப்பந்தம் போட்டாயிற்று. 3,250 கோடி ரூபாய் முதலீடு, வருடத்துக்கு 2.35 லட்சம் என்ஜின், 2029ல் உற்பத்தி. வேலை 600க்கு மேல் என்கிறார்கள். முன்பு வருடத்துக்கு 2 லட்சம் கார், 3.4 லட்சம் என்ஜின் செய்கிற வசதி இருந்த இடம். கார் என்றால் சீட், கண்ணாடி, வயரிங், பம்பர் என்று ஆயிரம் சாமான் வெளியிலிருந்து வந்தாக வேண்டும், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஷெட் இருக்கும். என்ஜினுக்கு அந்தச் சுற்று சின்னது. மெஷின் அதிகம், ஆள் கம்மி. 2029ல் எனக்கு நாற்பத்தாறு. என்னைக் கூப்பிட மாட்டார்கள், பரவாயில்லை. என் பையன் டிப்ளமோ முடிக்க அப்போது சரியாக இருக்கும்.

சிட்கோ லேத்:

சின்னச் சுற்றாக இருந்தாலும் அதில் புஷ்ஷும் பின்னும் வேண்டும் தம்பி. கொட்டேஷன் கேட்டால் கொடுப்பேன். ஆனால் இந்தத் தடவை டை வைக்கிற இடத்துக்கு வாடகை என்று தனி வரி போடப்போகிறேன்.

பாய்லர்:

600 பேர் இருக்கட்டும். எத்தனை ஷிப்ட்?

மெஸ் அக்கா:

அதைத்தான் நானும் கேட்க வந்தேன்.

புதுசு:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். மேல்மாடி அண்ணா, அந்த மேடை போடாத நடு போர்ஷன் இன்னும் காலியா? என் தம்பிக்கு மகிந்திரா சிட்டியில் வேலை கிடைத்திருக்கிறது. கூட நாலு பசங்க. அடுப்பு வேண்டாம், பாத்ரூம் முக்கியம். அட்வான்ஸ் எவ்வளவு?

மேல்மாடி போர்ஷன்:

காலிதான். வந்து பாருங்கள், நேரில் பேசிக்கொள்ளலாம். பாத்ரூம் மூன்றுதான் இருக்கிறது.