சேலத்திலிருந்து ஹாம் உரிமம் பெறுவது எப்படி?

அம்மாப்பேட்டை வாசகர்:
வணக்கம். பள்ளிக் கண்காட்சியில் ஹாம் வானொலியை (தனிநபர்கள் உரிமம் பெற்று, பொழுதுபோக்காக வானலைவழி ஒருவரோடொருவர் பேசும் முறை) கண்ட நாள் முதல், எட்டாம் வகுப்பு படிக்கும் என் 13 வயது மகள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். இந்த வயதில் உரிமத் தேர்வு எழுத முடியுமா, மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் முறை) தெரிந்திருக்க வேண்டுமா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் வாக்கிடாக்கி ஒன்றைப் பழகுவதற்காக இப்போதே வாங்கித் தரலாமா?

நாற்பது மீட்டர்:
ஐயா, 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். விண்ணப்பம், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தின் வழியே. உரிமத்தில் இரண்டு நிலைகள்: தொடக்க நிலை ரிஸ்ட்ரிக்டட், மேல்நிலை ஜெனரல். மோர்ஸ், ஜெனரல் நிலைக்குத்தான், அதுவும் நிமிடத்திற்கு 8 சொல் வேகத்தில்; ரிஸ்ட்ரிக்டட் நிலைக்குத் தேவையில்லை. வாக்கிடாக்கியை மட்டும் இப்போது வாங்காதீர்கள். உரிமமில்லாமல் அலைபரப்பும் கருவியை வைத்திருப்பதே சட்டப்படி தவறு.

தேர்வில் மின்னணுவியல் ஒரு பகுதி, வானொலி விதிமுறைகள் மறு பகுதி. பிள்ளைகள் முதலாவதை விரும்பிப் படித்துவிட்டு இரண்டாவதை ஒப்புக்குப் புரட்டுவார்கள் (நானும் அப்படித்தான் இருந்தேன்). ரிஸ்ட்ரிக்டட் நிலையில் ஒவ்வொரு பகுதியிலும் 40 விழுக்காடும் மொத்தத்தில் 50 விழுக்காடும் வேண்டும் என்பதால், இரண்டிலும் நாற்பதைத் தொட்டுவிட்டுத் தேறிவிட முடியாது.

அடிவாரத்துக்காரர்:
முதலில் கேட்கப் பழக்குங்கள். சிற்றலை வானொலிப் பெட்டி ஒன்று போதும், ஆனால் அதில் எஸ்எஸ்பி (SSB, ஹாம்கள் சிற்றலையில் பேசப் பயன்படுத்தும் ஒலிபரப்பு முறை) வசதி இருக்க வேண்டும், இல்லையெனில் பேச்சு வாத்தின் கத்தலாகவே கேட்கும். நம் ஊர் வடக்கே சேர்வராயன், தென்கிழக்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை என்று சூழப்பட்ட கிண்ணம். ஹாம் வாக்கிடாக்கிகள் பயன்படுத்தும் 144 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால் மலை அதை மறைத்துவிடும். ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்று பேசினால் சேலம் முழுவதும் கேட்கும் அதே சிறு கருவி, உங்கள் தெருவிலிருந்து மலைக்கு அப்பால் எட்டாது. சிற்றலையான 7 மெகாஹெர்ட்ஸ் அலையோ மேலே ஏறி அயனி மண்டலத்தில் (வளிமண்டலத்தின் மின்னூட்டம் பெற்ற மேலடுக்கு) திரும்பி இறங்குவதால், பகலிலேயே சென்னை, பெங்களூரு நிலையங்களைக் கேட்கலாம். அதற்கு ஆன்டெனாவாகப் பக்கத்திற்குப் பத்து மீட்டராக 20 மீட்டர் செம்புக் கம்பி போதும்.

அம்மாப்பேட்டை வாசகர்:
மிக்க நன்றி. எங்கள் மாடி 14 மீட்டர்தான். நூல் காயவைக்கும் கம்பங்கள் இரண்டு இருக்கின்றன.

அடிவாரத்துக்காரர்:
கம்பங்களுக்கிடையே கட்டி, மிஞ்சுவதை இரு முனைகளிலும் கீழே தொங்கவிடுங்கள். கேட்பதற்கு அது போதும். தெருவின் மின்கம்பி எந்தப் பக்கம் செல்கிறது என்பதை முதலில் பாருங்கள். கம்பி அறுந்தாலும் அதன்மேல் விழாத தொலைவு இருக்க வேண்டும்.