பிலாந்த்ரபிக்கு என்ன சொல்? "தடுப்புக்கொடை" சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம். வறுமை வராமலே தடுக்க பணக்காரங்க ஆராய்ச்சிக்கும் சட்டத்தை மாத்துறதுக்கும் காசு குடுக்குறதைப் பத்தி ஒரு கட்டுரை தமிழாக்கம் பண்ணிட்டிருக்கேன். பிலாந்த்ரபிக்கு (பணக்காரங்க பொது நன்மைக்குன்னு காசு குடுக்குறது) "நன்கொடை"ன்னு போட்டா ரசீது புக்கோட வாசல்ல வந்து நிக்குறாப்ல இருக்கு. "ஈகை" சாரிட்டிக்குப் போயிடுச்சு. "வள்ளன்மை"ன்னா பாரியும் தேரும்தான் ஞாபகம் வருது. "அறக்கொடை" போட்டுடலாமா?

---

தம்பி, அறக்கொடை வேணாம்னு நினைக்கிறேன். ரௌன்ட்ரீ கேஸை எடுத்துப் பாருங்க. இங்கிலாந்துல யார்க் ஊர்ல சாக்லேட் கம்பெனி நடத்துன ஜோசப் ரௌன்ட்ரீ 1904ல சொத்துல பெரிய பங்கை மூணு டிரஸ்ட்டுக்கு எழுதி வச்சப்போ கூடவே ஒரு குறிப்பும் எழுதினார், யார்க்ல கஞ்சித்தொட்டிக்குன்னு கேட்டா காசு தாராளமா வருது, வறுமை எவ்வளவு இருக்கு, எதனாலன்னு விசாரிக்கக் கேட்டா யாரும் குடுக்க மாட்டாங்கன்னு.

அந்த விசாரணையை அவர் மகன் சீபோம் முன்னாடியே முடிச்சு 1901ல புத்தகமா போட்டிருந்தார். வீடு வீடா போய் எடுத்த கணக்கு. ஊர்ல நூத்துக்கு சுமார் 28 பேர் வறுமையில, அதுல 10 பேருக்கு வர்ற காசு முழுசையும் ஒழுங்கா செலவு பண்ணாலும் உடம்பைக் காப்பாத்தவே பத்தாது. அதுக்கு அவர் போட்ட கோடு, அப்பா அம்மா மூணு புள்ளைங்களுக்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ். அந்தக் கணக்குல பஸ் காசு கிடையாது, அரைப் பென்னி பேப்பர் கிடையாது, வெளியூர்ல இருக்குற புள்ளைக்கு லெட்டர் போட ஸ்டாம்ப்புக்குக் கூட கிடையாது. அந்தக் கோட்டுக்குக் கீழ கிடந்தவங்கள்ல பாதிக்கு மேல சோம்பேறியும் இல்ல குடிகாரனும் இல்ல, குடும்பத் தலைவர் ஒழுங்கா வேலைக்குப் போயும் கூலி பத்தாத வீட்டுக்காரங்க. இதுக்கு எத்தனை கஞ்சித்தொட்டி திறந்து என்ன பிரயோஜனம்? 1908ல 70 வயசான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரைக்கும் பென்ஷன்னு சட்டம் வந்துச்சே, அதுக்கு மனசுகளைத் தயார் பண்ணதுல இந்த மாதிரி கணக்கெடுப்புகளுக்கும் பங்கு உண்டு.

இப்ப சொல்லுக்கு வர்றேன். மூணு டிரஸ்ட்ல ஒண்ணை அவர் வேணும்னே தர்ம ஸ்தாபனமா பதியல, ஏன்னா அரசியல் வேலைக்கும் காசு போகணும், தர்ம ஸ்தாபனம்னா சட்டம் விடாது, வரி கட்டினாலும் பரவால்லன்னுட்டார். அப்போ "அறம்"னு முன்னாடி ஒட்டினா அந்த வித்தியாசமே அடிபட்டுப் போகும். பொதுவா பிலாந்த்ரபிக்கு வெறும் "கொடை" போதும், இந்த வகைக்கு மட்டும் "தடுப்புக்கொடை".

---

அண்ணே, தடுப்புக்கொடைன்னா கொடையைத் தடுக்குறதுன்னு படிக்க மாட்டாங்களா? நோய்முதல் நாடுறதுன்னு சொல்றோமே, அதுலேர்ந்து "முதல்நாடு கொடை"ன்னா?

---

அய்யய்யோ, ஏதோ முதல் நாடு குடுத்த கொடைன்னு ஆயிடும்மா! தடுப்புச்சுவர்னா சுவரைத் தடுக்குறதுன்னு யாரும் படிக்கிறதில்லையே. "ஆய்வுக்கொடை"யும் யோசிச்சேன், யுனிவர்சிட்டி கிராண்ட் மாதிரி இருக்கு, சட்டம் மாத்துற பாதி விட்டுப்போகுது.

---

தடுப்புக்கொடை எனக்கும் ஓகே. ஆனா ஒண்ணு, எலெக்ஷன்ல நிக்காத பணக்காரர் சட்டத்தை மாத்தக் காசு குடுக்குறது எல்லா நேரமும் ஏழைக்காகத்தான்னு இல்லையே, ரௌன்ட்ரீ நல்லவரா அமைஞ்சுட்டார். சிகரெட் கம்பெனி ஆராய்ச்சிக்குக் குடுத்ததும் காசுதான். "தடுப்பு"ன்னா எதைத் தடுக்கன்னு கேள்வி வரும், அதனால முதல் தடவை வர்ற இடத்துல "வறுமைத் தடுப்புக்கொடை"ன்னு முழுசா போடுங்க, அப்புறம் சுருக்கிக்கலாம்.

---

சரி அக்கா, அப்படியே போட்டுடறேன். அடுத்து "அட்வகசி"க்கு (ஒரு மாற்றம் வேணும்னு பேசி ஆதரவு திரட்டுறது) என்ன? "பரிந்துரை" ரெக்கமண்டேஷனுக்குப் போயிடுச்சு.