வங்கிக் கணக்கு இல்லாதவருக்கு பிரீபெய்ட் கார்ட், கொழும்பில் எது சரி வரும்?

கொட்டாஞ்சேனை பாலா:
வணக்கம். சித்தி மகள் ஒருத்தி, எனக்குத் தங்கச்சி முறை, ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். சம்பளம் வாரா வாரம் கையில் காசாகத்தான். வங்கிக் கணக்கு இல்லை, கிரெடிட் கார்ட் பற்றிப் பேச்சே இல்லை. மிச்சம் பிடிக்கிற காசை போர்டிங் அக்காவிடம் கொடுத்து வைக்கிறாள். அவர் நல்லவர்தான், ஆனால் எத்தனை நாளைக்கு இப்படி?

அவளுக்குத் தேவை மூன்று விஷயம். காசை ஒரு இடத்தில் பத்திரமாக வைக்க வேண்டும், அம்மாவுக்கு மாதா மாதம் அனுப்ப வேண்டும், ஒரு ஆங்கில வகுப்புக்கு ஒன்லைனில் கட்ட வேண்டும். பிரீபெய்ட் கார்ட் எடுத்தால் கணக்கே தேவையில்லை என்று ஒருவர் சொன்னார். நெட்டில் தேடினால் கிரீன் டாட், நெட்ஸ்பென்ட் என்று என்னென்னவோ வருகிறது. சித்தி நுண்கடன் எடுத்துக் கட்ட முடியாமல் நிற்கிறார், அதனால் மகளுக்கு வங்கியில் கணக்குத் தரமாட்டார்கள் என்று வேறு யாரோ பயம் காட்டியிருக்கிறார்கள். எது எடுக்கலாம், எதில் கட்டணம் குறைவு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை கணக்குப்பிள்ளை:
பாலா, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். கிரிப் என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த கடன் தகவல் பணியகம். கடன் கேட்டுப் போகும்போதுதான் அந்த அறிக்கையைப் பார்ப்பார்கள். சேமிப்புக் கணக்குத் திறக்க அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதோடு அது சித்தியின் கடன், தங்கச்சியின் கடன் இல்லை. அவள் எங்கேயாவது பிணை நின்று கையெழுத்து வைத்திருந்தால் மட்டும் நாளைக்கு அவள் கடன் கேட்கும்போது அது வந்து நிற்கும், அப்போதும் சேமிப்புக் கணக்கைத் தடுக்காது.

கிரீன் டாட், நெட்ஸ்பென்ட் எல்லாம் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு. அங்கே சூப்பர்மார்க்கெட்டில் கார்டை வாங்கி, அவர்களுடைய சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கொடுத்துப் பதிய வேண்டும். மாதக் கட்டணம், காசு போடக் கட்டணம், எடுக்கக் கட்டணம் என்று அரித்துவிடும். அங்கே வங்கிக்குப் போக முடியாதவர்கள் வேறு வழியில்லாமல் எடுக்கிறார்கள், நாம் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு இங்கே ஒப்பிடுவதில் பிரயோசனம் இல்லை. பிரீபெய்ட் கார்ட் பாவித்தால் கடன் வரலாறு வளரும் என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். அவள் போட்ட காசை அவளே செலவழிக்கிறாள், அதில் யாரும் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை, கிரிப்புக்குப் போக அங்கே ஒன்றும் இல்லை.

என் கருத்து, அவளுக்கு வேண்டியது சாதாரண சேமிப்புக் கணக்கும் அதோடு வரும் டெபிட் கார்டும்தான். இலங்கை வங்கி, மக்கள் வங்கி, தேசிய சேமிப்பு வங்கி எதுவானாலும் சரி. தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கைத் தபால் கந்தோரிலும் திறக்கலாம், அதில் போடும் காசுக்கு அரசாங்கமே முழுப் பொறுப்பு. மற்ற வங்கிகளில் வைப்புக் காப்புறுதி ஒரு ஆளுக்கு ஒரு வங்கியில் 11 லட்சம் வரை உண்டு, அவளுக்கு அது தாராளம்.

ரீலோட் கடை ரவி:
மேலே ஐயா சொன்னது சரி, ஆனால் கணக்குத் திறக்கும்வரை அவள் என்ன செய்வாள்? போனிலேயே காசு வைத்து அனுப்புகிற ஈசி கேஷ், எம்கேஷ் இருக்கிறதே. ஈசி கேஷ் டயலொக் போன் கம்பனியுடையது, 2012இல் வந்தது, எம்கேஷ் மொபிடெல் கம்பனியுடையது. வங்கிக் கணக்கு தேவையில்லை, அடையாள அட்டையும் போனும் போதும், சாதாரண பட்டன் போனிலும் வேலை செய்யும். எங்களைப் போல் ரீலோட் போடுகிற கடையில் காசைக் கொடுத்து ஏற்றலாம், அம்மாவின் நம்பருக்கு அனுப்பினால் அவர் அங்கே ஏஜென்ட் கடையில் எடுத்துக்கொள்வார். அந்தக் காசை கம்பனி ஒரு வங்கியில் பொறுப்புக் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய வங்கியின் விதி. வட்டி கிடைக்காது. எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு, அதனால் சேமிக்கிற இடமாக நினைக்காமல் அனுப்புகிற வழியாக நினைக்கச் சொல்லுங்கள்.

முக்கியமான ஒன்று. சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கொழும்புக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகள் நிறையப் பேர் முதலாளி பெயரிலோ போர்டிங்காரர் பெயரிலோ உள்ள சிம்மைத்தான் பாவிக்கிறார்கள். போன் தொலைந்தால் புது சிம் பெயருக்குரியவருக்குத்தான் கிடைக்கும், அப்புறம் அந்த வாலட்டில் இருக்கிற காசுக்காக யார் யாரிடம் கெஞ்சுவது? முதலில் அவளுடைய பெயரில் ஒரு சிம் எடுங்கள். பின் நம்பரைக் கடைக்காரரிடம்கூடச் சொல்லக்கூடாது, நான் கேட்டாலும் சொல்லக்கூடாது! பரிசு விழுந்திருக்கிறது, வந்த நம்பரைச் சொல்லுங்கள் என்று போன் வந்தால் கட் பண்ணச் சொல்லுங்கள்.

இன்னொன்று, மாதக் கடைசியில் சின்ன ஏஜென்ட் கடையில் பெரிய தொகை ஒரேயடியாக இருக்காது. அம்மாவை மலை ஏறி இறங்க வைக்காமல், போவதற்கு முன் கடைக்குக் கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

மட்டக்குளி நிஷா:
அம்மாவுக்கு அஸ்வெசும, அதாவது அரசாங்க நிவாரணக் காசு, கிடைக்கிறதா? கிடைத்தால் அவருக்கு ஏற்கெனவே வங்கிக் கணக்கு இருக்கும், அந்தக் காசே கணக்குக்குத்தான் வருகிறது. தங்கச்சிக்கும் கணக்கு வந்துவிட்டால் நேரே போட்டுவிடலாம், ஏஜென்ட் கடை தேவையே இல்லை.

ஒன்லைன் வகுப்பு விஷயத்தில் எனக்கு ஐயாவோடு கொஞ்சம் முரண்பாடு. சேமிப்பு முழுவதும் இருக்கிற கணக்கின் கார்ட் நம்பரை இன்டர்நெட்டில் தட்டுவது எனக்குப் பயம். சில வங்கிகள் பிரீபெய்ட் கார்ட் தருகின்றன, வேண்டியதை மட்டும் ஏற்றி அதையே செலவழிக்கலாம், களவு போனாலும் அதோடு போகும். ஆனால் எடுப்பதற்கு முன் கேளுங்கள்: காசு ஏற்றக் கட்டணம் எவ்வளவு, பாவிக்காமல் வைத்தால் வெட்டுவார்களா, காலாவதியானால் மிச்சக் காசை எப்படித் திருப்பித் தருவார்கள், வெளிநாட்டு இணையத்தளத்தில் வேலை செய்யுமா. கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். 2022இல் டொலர் தட்டுப்பாட்டு நேரத்தில் நல்ல கார்ட்டுகளே வெளிநாட்டுத் தளங்களில் நின்றுபோனதைப் பார்த்தோம்.

பேஸ்புக்கில், டெலிகிராமில் வேர்ச்சுவல் கார்ட் விற்கிறோம் என்பவர்கள் பக்கம் தலை வைத்தும் படுக்க வேண்டாம். அதேபோல் "உன் பெயரில் கணக்குத் திறந்து கொடு, மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று இந்த வயதுப் பிள்ளைகளைத் தேடி வருகிறார்கள், பொலிஸ் வந்தால் பிடிபடுவது கணக்குக்காரிதான்.

வெள்ளவத்தை கணக்குப்பிள்ளை:
நிஷா சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதற்கு இன்னொரு கணக்குத் திறந்தாலும் அதே வேலை நடக்கும், ஏற்றக் கட்டணமும் மிச்சம். ஒன்றில் சேமிப்பு, மற்றதில் கார்ட்டுக்கு வேண்டிய சில்லறை. கையில் ஸ்மார்ட்போன் இருந்தால் நேஷன்ஸ் டிரஸ்ட் வங்கியின் ஃபிரீமி மாதிரி போனிலேயே திறக்கிற கணக்கும் இருக்கிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். அந்தக் கடை முதலாளி ஊழியர் சேமலாப நிதி (EPF) கட்டுகிறாரா? சம்பளம் காசாகக் கொடுத்தாலும் அந்தச் சம்பளத்தில் அவர் பங்காக 12 வீதம், அவள் பங்காக 8 வீதம் அதற்குப் போக வேண்டும், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) முதலாளி 3 வீதம். கட்டினால் அந்தக் காசை எடுக்கிற நாளில் வங்கிக் கணக்கு நம்பர் கேட்பார்கள்.

கொட்டாஞ்சேனை பாலா:
எல்லாருக்கும் நன்றி. சிம் போர்டிங் அக்கா பெயரில்தான் இருக்கிறது, கேட்டுப் பார்த்தேன். ஒரே சிக்கல், அடையாள அட்டையில் தோட்டத்து முகவரி, இப்போது இருப்பது கொட்டாஞ்சேனை. கரண்ட் பில்லும் அவள் பெயரில் இல்லை. சனிக்கிழமைதான் அவளுக்கு அரை நாள் லீவு.

மட்டக்குளி நிஷா:
அட்டையில் உள்ள முகவரியையே நிரந்தர முகவரியாகக் கொடுக்கலாம். இங்குள்ள முகவரிக்கு ஆதாரம் கேட்டால் கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுங்கள், பிரதேச செயலகத்தில் கையொப்பமும் கேட்கக்கூடும். அதற்கு வார நாளில் போக வேண்டும், கடையில் ஒரு நாள் லீவு கேட்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை எல்லாக் கிளையும் திறந்திருக்காது, போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். புது சிம்மை அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், வங்கிப் படிவத்தில் அந்த நம்பரைத்தான் எழுத வேண்டும்.